எந்தக் கையில் ஏற்றம்

ஹட்டன் ஸ்டேஷனுக்கு மேலே
மழைத்தண்ணீர் படியிறங்கி வரும் ஒழுங்கையில்
இஃப்ஹாமின் கடை.
போன் திருத்துவதுதான் தொழில்.
கண்ணாடிக்குள், சார்ஜர்களுக்குப் பின்னால்
யாரோ கைவிட்ட டிரான்ஸ்மிட்டர்கள் மூன்று.

ஹெலிகொப்டர் என்னிடம் இருக்கிறது.
டுபாயிலிருந்து மச்சான் கொண்டுவந்தது.
பெட்டியில் எடை கூடிற்றென்று
டிரான்ஸ்மிட்டரை மட்டும் எயார்போர்ட்டில் விட்டானாம்.
எட்டு மாதமாக அலுமாரி மேல்
யாரும் பேசாததால் பேசாமல் நிற்கிறது.

நீள ஏரியல் வைத்ததை முதலில் எடுத்தேன்,
கிறிஸ்டல் மாற்றிப் போடும் காலத்துச் சாமான்.
கைக்குக் கனம், விலைக்கு லேசு.
"அத விடுங்கண்ணே.
அதே அலைவரிசையில வேறொருத்தன் சுவிட்சப் போட்டா
ஒங்க மெஷின் அவன் பேச்சக் கேக்கும்."
வைத்துவிட்டேன்.
ஓட்டோ ஸ்டாண்டில் அந்த அனுபவம் போதுமானது.

இரண்டாவதில் நாலு சானல்.
ஏற, திரும்ப, சாய, குனிய,
போதாதா என்றேன்.
இறக்கையின் கோணத்துக்கு ஒன்று,
வாலைப் பிடித்துவைக்கும் கைரோவுக்கு ஒன்று,
ஆறில்லாமல் இது அசையாது என்றான்.
எண்ணிப்பார்த்தேன், எனக்கும் ஆறுதான்:
அக்சிலேட்டர், கிளச், கியர், பிரேக், ஹோர்ன்,
பின்சீட்டுக்காரர் முகம் தெரிகிற கண்ணாடி.

மூன்றாவது கறுப்பு. இருபத்தெட்டாயிரம்.
தூக்கியதும் வலது மணிக்கட்டு
தானாக முறுக்கப் பார்த்தது.
அங்கே ஏற்றம் இல்லை.
ஏற்றம் இடப்பக்கம்.

பதினாறு வருஷம் டிக்கோயா ரோட்டில்
பெற்றோலை அளந்து ஊற்றியது என் வலது கை.
இடதுக்குக் கிளச் தெரியும்,
மீதிக்காசு துழாவத் தெரியும்.
தூக்கத் தெரியாது.

"மாத்தித் தாரன். நாலு ஆணி, ஒரு ஸ்பிரிங்.
ஆனா இந்தப் பக்கம் பறக்க விடுற எல்லாருக்கும் இடதுதான்.
நீங்க தடுமாறினா
பக்கத்தில நிக்கிறவன் வாங்கிக் காப்பாத்த ஏலாது."

பக்கத்தில் நிற்கப்போகிறவன் புவிதரன்,
தபால் கந்தோரில் முத்திரை குத்துகிறவன்,
ஞாயிறு தவறாமல் நோர்வூட் கிரவுண்டில்
தன்னுடையதைத் தலைகீழாக நிறுத்திக் காட்டுகிறவன்.

யோகமலருக்குப் போன் எடுத்தேன்.
"இருபத்தெட்டாயிரம் பறக்கவா, விழவா?"
ரெண்டுக்கும்.
"சீட்டுக்காசுல கைவைக்காம என்னமும் செய்யுங்க."

ஆணியைக் கழற்றச் சொன்னேன்.

திறந்த பெட்டிக்குள் அப்போதுதான் கண்டேன்,
ஏற்றத்தின் குச்சிக்கு மட்டும் ஸ்பிரிங் இல்லை.
மற்றதெல்லாம் விரலெடுத்ததும் நடுவுக்கு ஓடிவிடும்.
இது விட்ட இடத்தில் நிற்கும்.
கீழே பதுளை ரயில் தாமதமென்று
மூன்று மொழியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஐந்தாவது ஞாயிறு
காசல்ரீ தண்ணீர்ப் பக்கமிருந்து மூடுபனி ஏறியது.
வால் மங்கியது. பிறகு மூக்கு மட்டும்,
என் முகத்தைப் பார்த்தபடி.
என்னைப் பார்த்து வரும்போது
அதற்கு வலது எனக்கு இடது.
தெரிந்ததுதான். விரலுக்குத்தான் தெரியவில்லை.
புவிதரன் இரு கையும் நீட்டினான்,
நீட்டிய கையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

ஹோல்ட் சுவிட்சைத் தட்டினேன்,
கினிகத்தேனை இறக்கத்தில்
நியூற்றலில் விடுவதுபோல.
மோட்டர் ஓய்ந்தது.
காற்று சுற்றிய இறக்கையில் கொஞ்ச தூரம் வந்து
மிச்சத்துக்குத் தேயிலைச் செடிமேல் விழுந்தது.

ரெண்டு இறக்கையும் போச்சு. வால் கோணல்.
"நான்னா..." என்று தொடங்கிய புவிதரன்
மேலே சொல்லவில்லை.
ஓட்டோ சீட்டில் அதைக் கிடத்தி,
இந்தா பார் என்று பெட்டியைக் கொடுத்தேன்.

பற்றரியில் இன்னும் உயிர் இருந்தது.
அவன் இடது பெருவிரல் ஏற்றத்தைத் தேடி
மேலே தள்ளியது.
இறக்கையற்ற ஹெலிகொப்டர்
சின்னச் சத்தத்தோடு
தலையை முன்னே சாய்த்தது,
ஆமாம் என்பதுபோல.